மிசின் செய்யாத சத்தியம்

எங்கள் கம்பியூட்டர் ரிப்பேர் கடையின் ஆண்டு மலரில் சேவியர் எழுதிய கட்டுரையைப் படித்திருப்பீர்கள். ஹட்டனில் அதைப் படிக்காதவர்கள் குறைவு. அவனே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். ஐந்து பக்கம், அவனுடைய படம் இரண்டு. அழிந்துபோன கல்யாண வீடியோக்களை மீட்டது, தேயிலைத் தோட்ட ஆபீஸ் கம்பியூட்டரை மீட்டது, ஒரு பாதர் எழுதி வைத்திருந்த பிரசங்கங்களை மீட்டது என்று எல்லாம் விலாவாரியாக இருக்கிறது. நானும் அந்தக் கட்டுரையில் ஓரிடத்தில் வருகிறேன். "பக்கத்து மேசையில் இருந்த நண்பர் ஒருவர்" என்று. பெயர்கூட இல்லை.

தலைமுடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து அது நரைத்துக் கொட்டும்வரை பக்கத்து மேசையில் இருந்தவன் நான். என் பெயர் நடராஜா. அதை இங்கே முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் விட்டுவிடக் கூடாது.

கடையில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள்தான் என்னை எழுதச் சொன்னார்கள். பழைய போனை விற்க வருகிறவர்கள் எல்லோரும் அவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்களாம். "எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன் தம்பி, போதும்தானே?" சேவியர் அங்கிளின் கட்டுரையில் இதற்குப் பதில் இல்லை என்றார்கள். இருக்காது. அவன் வேலை மீட்பது. அழிப்பது என் வேலை.

நான் றொசல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மிசினில் வேலை. ஏ.எல். முடித்து, கொழும்பில் ஒரு மாமா வீட்டில் தங்கிக் கம்பியூட்டர் கோர்ஸ் ஒன்று செய்து, ஹட்டனில் குணரத்ன மாத்தயாவின் ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். நான் சேர்ந்த அதே கிழமையில் தலவாக்கலையிலிருந்து சேவியரும் வந்து சேர்ந்தான். என்னை விட உயரம், என்னை விட நிறம், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். என்னைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். எந்தக் காலநிலையிலும் சாம்பல் நிறத்தில் ஒரே கம்பளிச் சட்டை. எங்களோடு தமிழில்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் சிங்களம். யாராவது ஒரு கம்பியூட்டரைக் கொண்டுவந்து "ஃபைல் எல்லாம் போயிருச்சு" என்று மேசையில் வைத்தால், உடனே இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். நாங்களும் அப்படியே செய்ய வேண்டும். கை பைக்குள் இருக்கும்போதுதான் கேள்வி கேட்க வேண்டும். என்ன போனது? வேறு எங்கெல்லாம் இருக்கிறது? போன பிறகு யார் தொட்டார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வரும்வரை யாரும் ஸ்விட்சைப் போடக்கூடாது. பொறுமை கெட்டு யாராவது கையை எடுத்தால் "எப்பா, எப்பா" என்பார். வேண்டாம் என்பதற்கு அதுதான் சிங்களம். பல தடவை அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவன் சேவியர். கடைக்குள் ஒரு தடவைகூட வாங்காதவன் நான். இதுவும் அவன் கட்டுரையில் இல்லை.

டெலீட் செய்தால் என்ன ஆகிறது என்பதை மாத்தயா எங்களுக்குத் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை அறைகளை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். "ஒரு குடும்பம் காம்பராவ விட்டுப் போகுது. ஆபீஸ்ல பேர வெட்டுறாங்க. பேர வெட்டினா காம்பரா சுத்தமா? இல்லத்தானே. அடுப்புக் கரி இருக்கு, செவத்துல சாமிப்படம் ஒட்டின தடம் இருக்கு, கூரையில சொருகி வச்ச கத்தி இருக்கு. அடுத்த குடும்பம் வந்து, சுண்ணாம்பு அடிச்சு, அவங்க அடுப்ப வச்சாத்தான் பழசு போகும்."

ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். டெலீட் செய்தால் கம்பியூட்டர் பெயரை மட்டும் வெட்டுகிறது. இந்த இடம் காலி, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று எழுதி வைக்கிறது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் அதே கதைதான். அவசரமாக ஃபார்மட் அடித்தாலும் பெயர்ப் புத்தகம்தான் புதிதாகிறது, உள்ளே இருந்தது உள்ளேயே இருக்கிறது. புதிதாக ஏதாவது வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை பழையது போவதில்லை. அதனால்தான் கை பைக்குள். மீட்க வேண்டுமானால் புதிதாக எதையும் எழுதவிடக் கூடாது. அழிக்க வேண்டுமானால் டிஸ்க்கின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை வெறும் பூச்சியமாக எழுதித் தள்ள வேண்டும். ஒரே அறிவுதான். ஒருவன் அதை வைத்து மீட்கிறான், இன்னொருவன் அழிக்கிறான்.

எனக்கு ஏன் அழிக்கும் மேசை வந்தது என்று கேட்கிறீர்களா? ஆரம்பத்தில் இருவரும் இரண்டு வேலையும் செய்தோம். சேவியருக்கு மீட்ட படங்களைப் பார்ப்பதில் தனி ஆசை. "மச்சான், இங்க பாரேன், மாப்பிள்ளைக்கு மீசைய பாரேன்" என்று கூப்பிட்டுக் காட்டுவான். எனக்குப் பிறத்தியார் வீட்டுப் படங்களைப் பார்ப்பது என்னவோ போலிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மாத்தயா அதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நடராஜா, நீ பாக்க மாட்டே. அழிக்கிறது நீ செய்" என்றார். அதைப் பாராட்டு என்று பிறகு எத்தனையோ பேர் எனக்கு விளக்கிவிட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பதவியைப் பிடுங்கியது மாதிரித்தான் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

மீட்கிறவனுக்கு என்னவெல்லாம் கிடைக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆயுத பூசைக்கு எங்கள் பக்கத்து ஃபெக்டரிகளில் மிசின்களைக் கழுவி, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர், பாவம் நல்ல பக்திமான், கம்பியூட்டரையும் அப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நினைத்துவிட்டார். வெளியே துணியால் துடைத்தது போதாதென்று உள்ளேயும் துடைத்திருக்கிறார். பழைய ஃபோல்டர் எல்லாவற்றையும் டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, அணைத்து, ஸ்கிரீனுக்குச் சந்தனப் பொட்டு வைத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழாப் படங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. மறுநாள் தீபாராதனை காட்டித் திறந்தால், எல்லாம் வெறுமை.

பொட்டோடு அப்படியே வேனில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். சேவியர் உட்கார்ந்தான், ஒன்று விடாமல் மீட்டான். ஆஹா ஓஹோ என்றார்கள். நான் கேட்கிறேன், மீட்டது சேவியரா? பூசைக்கு வைத்த பொருளை மறுநாள்வரை தொடக்கூடாது என்ற வழக்கம் இல்லாதிருந்தால் அந்தக் கிளாக்கர் அன்றைக்கே அதில் நூறு வேலை பார்த்திருப்பார், பாதிப் படம் போயிருக்கும். மிசினை ஒருவரும் தொடாமல் காத்தது பூசை. மாலை மட்டும் சேவியர் கழுத்தில் விழுந்தது. ஒரு பெரிய பாத்திரத்தில் சுண்டலும் அனுப்பினார்கள். எனக்கும் ஒரு தட்டில் வந்தது. சுண்டல் நன்றாக இருந்தது. அதில்தான் எனக்கு எரிச்சல் கூடியது.

எனக்கு யார் சுண்டல் கொண்டுவருவார்கள்? பழைய கம்பியூட்டர்களை ஏலம் போடுவதற்கு முன் கம்பனிகள் அனுப்பும். நான் பூச்சியம் எழுதுவேன். அவர்கள் ஆள் வந்து ஏற்றிக்கொண்டு போவான். ஒன்றுமே இல்லாத டிஸ்க்கைக் கையில் வாங்கியவன் எவனாவது ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்கிறானா?

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சேவியரின் கட்டுரையில் "ஒரு பெண்ணின் மானத்தைக் காத்தேன்" என்று ஒரு பத்தி இருக்கிறதே, அது. பக்கத்து மேசை நண்பர் ஒருவர் வருவதும் அங்கேதான். அந்தப் பிள்ளையைத் தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். பெயரையும் தோட்டத்தையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அழிக்கிறவன் வேறு எப்படி எழுதுவான்?

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவளும் அவள் அம்மாவும் நனைந்துகொண்டு வந்தார்கள். அக்கரப்பத்தனைப் பக்கம். அம்மா கொழுந்து பறிக்கிறவர், மகள் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். வாசலிலேயே நின்று கேட்டாள். "இங்க சேவியர்னு ஒருத்தர், அழிச்சத எல்லாம் திருப்பி எடுப்பாராமே?"

சேவியர் கன்னக் குழியோடு எழுந்து போனான். "நான்தான் தங்கச்சி. உள்ள வாங்க. என்ன தொலைஞ்சுச்சு?"

அவள் ஓரடி பின்னால் போனாள். "ஒண்ணும் தொலையலங்க. தொலையணும்."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இவன் இருக்கிற ஊரில் அழித்தது எதுவும் அழியாது என்ற பேச்சுத்தான் அவளைத் தூங்கவிடாமல் எங்கள் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அவனுடைய புகழ் ஒருத்திக்குப் பயமாகப் போய்ச் சேர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. நாற்காலியை இழுத்துப்போட்டு, "இங்க வந்து உக்காருங்கம்மா, அது என் வேல" என்றேன்.

மாத்தயா கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு வந்து நின்றார். அவள் சொன்னாள். தலவாக்கலையில் படம் பிடிக்கும் ஸ்டூடியோவில் வேலை செய்யும் ரமேஷுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். நிச்சயமாகியிருந்த காலத்தில் அவன் அவளைச் சில படங்கள் எடுத்திருக்கிறான். அவள் யாருக்கும் காட்ட விரும்பாத படங்கள். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. பிறகு கல்யாணப் பேச்சு முறிந்தது. முறிந்த கோபத்தில் அவன் ஒரே ஒரு தடவை, "படம் எல்லாம் எங்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிவிட்டான். விஷயம் தோட்டத்துத் தலைவரிடம் போயிற்று. அவர் இரண்டு வீட்டாரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டார். ரமேஷ் எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டு வந்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, தன்னிடம் ஒரு படமும் இல்லை என்று சத்தியம் செய்தான். அத்தோடு முடிந்தது என்றார்கள். இப்போது அவன் கட்டாருக்குப் போகப்போகிறான். கம்பியூட்டரை யாருக்கோ விற்கப்போகிறான்.

"சாமி முன்னாடி கற்பூரம் அணைச்சுட்டான், அப்புறமும் இவளுக்கு நம்பிக்கை இல்லீங்க" என்றார் அம்மா. "தெய்வ குத்தம் ஆகிரும்னு சொல்றேன், கேட்க மாட்டேங்குறா."

"அவரு பொய் சொன்னாருன்னு நான் சொல்லலம்மா" என்றாள் மகள். "வாங்குறவன் திருப்பி எடுத்துட்டா? நான் பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு முன்னாடி நிக்கணுமே."

அவள் பயந்தது சரி. ரமேஷ் செய்தது உண்மையான சத்தியம். அவனுக்குத் தெரிந்தவரை படம் இல்லை. ஆனால் பெயரைத்தான் வெட்டியிருக்கிறான், காம்பராவில் எல்லாம் அப்படியே இருக்கும். கற்பூரம் அணைத்த பிறகு எங்கள் ஆட்கள் யாரும் அதைக் கிளற மாட்டார்கள். அதுதான் இதில் பெரிய சிக்கல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாத்தயாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். சேவியரை மாத்தயா கூப்பிடவில்லை. அவன் அன்றைக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன், மிகவும் சந்தோஷப்பட்டேன்.

கோயில் முன்னால்தான் பேச்சு. தலைவர் பெரிய உடம்பு, மெதுவான குரல். ரமேஷ் மெலிந்த பையன், நல்ல மரியாதை. ஆனால் கம்பியூட்டர் என்றதும் கல்லாகிவிட்டான். உள்ளங்கையை விரித்துக் காட்டினான், நடுவில் சிவந்த தழும்பு.

"இத பாருங்கய்யா. சத்தியம் பண்ணியாச்சு. இப்ப மிசினக் குடுத்தா நான் பொய்ச் சத்தியம் பண்ணேன்னுதானே ஆகும்? எங்க அம்மா இந்தத் தோட்டத்துல காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போக முடியுமா? எல்லாரும் காறித் துப்புவாங்க."

தலைவரும் தலையாட்டினார். "சாமி காரியத்துல கைய வைக்க ஏலாதுங்க. அணைச்ச கற்பூரம் அணைச்சதுதான்."

தர்ஷினி கோயில் தூணோடு ஒட்டி நின்றாள். நான் டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வாயெடுத்தேன். மாத்தயா என்னைப் பார்த்து மெல்ல "எப்பா" என்றார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே எப்பா அது. பிறகு, பைக்குள் இருந்த கையை எடுக்காமலே, ரமேஷின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க சத்தியம் பண்ணினீங்க. நான் நம்புறேன். கையில காயம் இருக்கு. ஆனா மிசின் சத்தியம் பண்ணலத்தானே?"

ரமேஷ் விரித்த உள்ளங்கையைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு தலைவரின் பெரிய உடம்பு குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறார். "அது நியாயந்தானே? ரமேஷு, நீ பண்ணிட்டே. மிசின் இன்னும் பண்ணல. அத இவங்க பண்ண வைக்கட்டும். உன் சத்தியத்த யாரும் தொடல."

ரமேஷ் கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப இது மிசினுக்குத்தான்" என்றான். "மிசினுக்குத்தான்" என்றார் மாத்தயா.

அவன் போய்க் கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு நான் என் கேள்வியைக் கேட்டேன். அழிக்கிறவனுக்கு மூன்று கேள்விகளில் இரண்டாவதுதான் உயிர். "வேற எங்கெல்லாம் இருக்கு தம்பி?" கமராவின் மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தான். போனைக் கொடுத்தான். போனில் எடுப்பதெல்லாம் தானாக இன்டர்நெட் கணக்குக்கும் ஏறிவிடுமே என்றேன். அவனுக்கு அது ஞாபகமே இல்லை. திறந்து பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது. என்னிடம் காட்டாமல் திரும்பி நின்று அழித்தான். அங்கேயும் ஒரு குப்பைத்தொட்டி இருக்கும், அதையும் காலி செய் என்று முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன். கடைசியில் வீட்டுக்குள் ஓடிப்போய், ஸ்டூடியோ வேலைக்கு வைத்திருந்த இன்னொரு சின்ன டிஸ்க்கையும் கொண்டுவந்தான். "இதுலயும் இருக்கலாம்ணே. சத்தியமா மறந்துட்டேன்." தர்ஷினியின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வெட்கத்தில்தான் என்று நினைக்கிறேன்.

கடையில் என் வேலை மறுநாள் நடந்தது. பிள்ளைகள் கேட்டதால் முறையைச் சொல்கிறேன். மெமரி கார்டில் பூச்சியம் எழுதி நான் திருப்திப்படுவதில்லை. அது தேய்மானத்துக்காக உள்ளே இடம் மாற்றி மாற்றி எழுதும், நாம் எட்ட முடியாத மூலைகள் அதற்கு உண்டு. அதனால் குறட்டால் பிடித்து, சிப் தூளாகும்வரை சுத்தியலால் அடித்தேன். புதுப் போன்கள் உள்ளதைப் பூட்டியே வைக்கின்றன, முழுவதுமாக ரீசெட் செய்தால் சாவி அழிந்துவிடும், பூட்டியது உள்ளே இருந்தாலும் யாராலும் திறக்க முடியாது. ரமேஷின் போனுக்கும் அதைத்தான் செய்தேன். இப்போதுள்ள சிப் டிஸ்க்குகளில் டெலீட் செய்த கொஞ்ச நேரத்திலேயே அதுவே இடத்தைத் துடைத்துவிடுகிறது. முழுதாக அழிக்க அதற்கென்றே உள்ளே ஒரு கட்டளை இருக்கிறது, அதைக் கொடுக்க வேண்டும். இந்தப் புது டிஸ்க்குகளால் மீட்கிறவர்களுக்குப் பாதி வேலை போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

ரமேஷின் இரண்டும் பழைய சுழலும் டிஸ்க்குகள். ஃபோல்டரைத் தேடிப் பிடித்து அழிக்கிற வேலையெல்லாம் எனக்குக் கிடையாது. படம் போனாலும் அதன் சின்ன உருவத்தைக் கம்பியூட்டர் வேறோர் இடத்தில் எடுத்து வைத்திருக்கும். அதனால் முழு டிஸ்க்கும் போக வேண்டும். எதையும் திறக்காமல், பார்க்காமல், மூலையிலிருந்து எழுதத் தொடங்கினேன். சின்னது பிரச்சினையில்லாமல் முடிந்தது. பெரியது பாதியில் டிக் டிக் என்று அடித்தது. சில இடங்கள் பழுது. சேவியர் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்து, "பழுதான எடத்துல கவனம் மச்சான்" என்று எனக்கே பாடம் எடுத்தான். நான் நிறுத்தி, தவிர்த்த இடங்களுக்குத் திரும்பிப் போய், மீண்டும் மீண்டும் எழுதினேன். கடைசிவரை போனது.

சொன்னபடி அம்மாவும் மகளும் வந்தார்கள். மாத்தயா டிஸ்க்குகளை வாங்கி நேரே சேவியரின் மேசையில் வைத்தார். "நீ தேடு."

தர்ஷினி எழுந்துவிட்டாள். "அவரா? இருந்தா அவரு பாத்துருவாருதானே?"

"இருந்தா பாப்பார்" என்றார் மாத்தயா. ஒளிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "அவர் தேடிக் கெடைக்கலன்னா யாருக்கும் கெடைக்காது. வேணாம்னா தேட வேணாம். நீங்க சொல்லணும்."

அவள் சேவியரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏதாவது இருக்காண்ணே?"

உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. பழுதான இடங்கள் கண் முன்னால் வந்தன. ஒன்று தப்பியிருந்தாலும் இந்தப் பிள்ளையை, உலகத்தில் இத்தனை பேர் இருக்க, இந்தச் சேவியர் பார்ப்பான். பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்ப்பான்.

"இல்லம்மா" என்றேன்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். "அப்ப தேடச் சொல்லுங்க."

சேவியர் தேடினான். ஸ்கிரீனில் கோடு நகர்ந்தது. அவன் மேசையில் எப்போதும் வரிவரியாகப் பெயர்கள் வந்து விழும், அவன் கன்னத்தில் குழி விழும். அன்றைக்கு ஒரு வரிகூட விழவில்லை. வேறொரு புரோகிராமைப் போட்டான். அதிலும் இல்லை. தனக்கு மட்டும் தெரிந்தது என்று வைத்திருந்த மூன்றாவதையும் போட்டான். காது மடல் சிவந்துவிட்டது. பழுதான இடங்களின் ஓரத்தைத் தனியாகத் தடவித் தடவிப் பார்த்தான். அவளுக்காகத் தேடினானா, என்னைக் கவிழ்க்கத் தேடினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாத்தயாதான் "போதும் சேவியர்" என்றார்.

என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான ஸ்கிரீன் அது. அதில் ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அவன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, முன்பக்கம் போனான். "ஒண்ணுமே இல்ல தங்கச்சி. சுத்தம். நான் தேடி இல்லன்னா உலகத்துல எவன் தேடினாலும் இல்ல." அந்த அம்மா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் சாமி. எம்புள்ளைக்கு உசிரக் குடுத்தீங்க." அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து மேசையைக் காட்டவுமில்லை. நான் பின்னால் துளை போடும் மிசினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வயிறு எரிந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை.

துளை மிசின் எதற்கென்றால், பழுதான டிஸ்க் சில இடங்களைத் தானே ஒதுக்கி மூடிவைத்துவிடும். அங்கே எழுதவும் முடியாது, சேவியரால் தேடவும் முடியாது. ஆனால் என்றைக்காவது எவனாவது முடியும் என்று வந்தால்? நான் சொல்லிய "இல்லை" முழு இல்லையாக இருக்க வேண்டும். டிஸ்க்கைக் கட்டையில் இறுக்கி முதல் துளையைப் போட்டேன். சத்தம் கேட்டுத் தர்ஷினி பின்னால் வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணு போடட்டுமாண்ணே?" என்றாள்.

மிசினைக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். தகடு கிழிகிற சத்தம் வந்தது. இன்னொன்று போட்டாள். இன்னொன்று. பிறகு மிசினைத் திருப்பித் தந்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போதும்ணே" என்றாள். நன்றி என்று சொல்லவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

அந்தத் தீபாவளிக்கு அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு பெட்டி முறுக்கு வந்தது, "சேவியர் அண்ணாவுக்கு" என்று எழுதி. எனக்கு இரண்டு கொடுத்தான்.

இப்போது மாத்தயா இல்லை. சேவியரும் நானும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றோம். அவனுடைய பிரியாவிடைக்கு அவன் மீட்டுக் கொடுத்தவர்கள் வந்து வாசல்வரை நின்றார்கள். என்னுடையதற்கு வந்தவர்கள் என் வீட்டார். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் நாங்கள் இரண்டு பேரும்தான் உட்கார்ந்திருப்போம். அவனை விட்டால் எனக்குப் பேச ஆள் இல்லை, அவனுக்கும் அப்படித்தான்.

மலர் வெளிவந்து கொஞ்ச நாளில் அப்படி உட்கார்ந்திருந்தோம். அவன் பைக்குள் இன்னும் இரண்டு பிரதி இருந்தது. அப்போது தர்ஷினி வந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், பக்கத்தில் கணவன், கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை புதுச் சப்பாத்துப் பெட்டியோடு. எங்கள் பெஞ்சுக்கு நேராக வந்தார்கள். அவள் எங்களைப் பார்த்தாள், பார்வை அப்படியே அடுத்த கடைக்குப் போனது.

சேவியர் பாதி எழுந்துவிட்டான். கன்னத்தில் குழி தயார். "தங்கச்சி! சுகமா இருக்கீங்களா? நான் சேவியர்."

அவள் நின்றாள். கணவனைப் பார்த்தாள், மறுபடி இவனைப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். நடிக்கிறாளா என்று நான் உற்றுப் பார்த்தேன். நடிக்கவில்லை. "மன்னிச்சுக்கங்க ஐயா, யாருன்னு தெரியலயே. எங்க ஸ்கூல் புள்ளைங்களோட தாத்தாவா?" என்றாள். நான் அங்கே இருப்பதுகூட அவள் கண்ணில் படவில்லை. பிள்ளை கையைப் பிடித்து இழுத்தது. சிரித்துக்கொண்டே தலையசைத்துவிட்டு, சப்பாத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்கள்.

சேவியர் உட்கார்ந்தான். குழி போய்விட்டது. பிளேன்டீ அவன் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

"மறந்துட்டாடா" என்றான். "அவ்வளவு பெரிய விஷயம். என் மொகங்கூட ஞாபகம் இல்ல. ஒண்ணுமே இல்லடா அந்தப் புள்ளைக்கிட்ட."

நான் என் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நல்லாத் தேடினியா?" என்று கேட்டேன்.